வேலூரைச் சுற்றி மலைச்சாலைகளில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலிருந்து ரோடு சைக்கிளில் மலைப்பக்கம் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தூரங்கள் எல்லாம் தோராயமானவை. கோட்டை வாசலிலிருந்து கணக்கு.

வேலூர் என்றாலே வெயில்தானே, அங்கே போய் எப்படி ஓட்டுவது?

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வருஷம் முழுக்க அப்படி இல்லை. கார்த்திகையில் மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரைக்கும் காலை நேரம் அருமையாக இருக்கும். ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வயல் பச்சையாக இருக்கும், மலைகள் கழுவி வைத்ததுபோல் தெரியும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் பத்து மணிக்குள் 60 கி.மீ. சாவகாசமாக முடிந்துவிடும். மார்கழியில் பனி மூட்டம் ஏழு மணி வரை கலையாது. முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் அப்போது சாலையில் இறங்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அதற்கேற்ற குறுகிய பாதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி மழை வரும். மறுநாள் காலைச் சாலை புழுதியே இல்லாமல் இருக்கும்.

பழைய ஆட்கள் இந்தப் பகுதியை வட ஆற்காடு என்பார்களே, இப்போது அது எந்த மாவட்டம்?

பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. திருவண்ணாமலை அப்போது தனியாகப் போனது. மீதி இருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. சைக்கிள்காரருக்கு எல்லாம் ஒரே நாடுதான். காலையில் கிளம்பி மதியத்துக்குள் மூன்று மாவட்டத்தைத் தொட்டுவிட்டு வரலாம்.

இங்கே மலை என்றால் எப்படிப்பட்ட மலை? நீலகிரி மாதிரியா?

இல்லை. இங்கே தொடர்ச்சியாக ஏறிக்கொண்டே போகும் மலைநாடு கிடையாது. பாலாற்றுச் சமவெளி தட்டையாக விரிந்து கிடக்கும், அதன் நடுவே பாறைக் குன்றுகள் தனித்தனியாக எழுந்து நிற்கும். தெற்கே ஜவ்வாது மலை, மேற்கே ஏலகிரி, வடமேற்கே ஆந்திர எல்லையை ஒட்டிய காட்டு மலைகள். அதனால் எந்தப் பாதையை எடுத்தாலும் 20, 30 கி.மீ. சமதளத்தில் கால் சூடான பிறகுதான் ஏற்றம் வரும். புதிதாக மலை ஏறப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. இன்றைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அடிவாரத்துக் கோயிலோடு திரும்பிவிடலாம், அதுவும் நிறைவான பயணம்தான்.

முதன்முறை வருகிறேன். எந்தப் பாதையில் தொடங்கட்டும்?

எல்லோரும் முதலில் ஏலகிரிக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் விரிஞ்சிபுரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். கோட்டையிலிருந்து மேற்கே 14 கி.மீ. போல இருக்கும், பாலாற்றின் தென்கரை. ஏற்றமே இல்லை. சைக்கிளும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள அந்தத் தூரம் போதும்.

அங்கே மார்க்கபந்தீசுவரர் கோயில். வழித்துணைநாதர் என்பது அவர் தமிழ்ப் பெயர். வழியில் கள்ளர் பயம் கொண்ட மிளகு வணிகர் ஒருவருக்கு இறைவனே துணையாக நடந்து வந்தார் என்பது தல வரலாறு. சாலையில் இறங்குகிற யாரும் முதலில் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிய சாமி இவர்தான். கோயில் மதிலின் அழகைப் பற்றி ஊர்ப்பக்கம் சொலவடையே உண்டு. உள்ளே பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. சாய்வாக நிற்கும் கல்லில் பாதி வட்டம் செதுக்கி எண்கள் பொறித்திருப்பார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு துடைப்பக் குச்சியை வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை.

இன்னும் தெம்பு இருந்தால் அப்படியே பள்ளிகொண்டா வரை போகலாம். பாலாற்றங்கரையில் பள்ளிகொண்ட கோலத்தில் உத்திர ரங்கநாதர். போக வர 50 கி.மீ. சொச்சம்.

பழைய கோயில்கள், கல்வெட்டுகள் பார்த்துக்கொண்டே ஓட்ட எது நல்ல பாதை?

வள்ளிமலைப் பாதை. இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பாலாற்றுப் பாலம் தாண்டி காட்பாடி, அங்கிருந்து திருவலம், சேர்க்காடு பக்கமாக வடக்கே திரும்ப வேண்டும். பொன்னை ஆற்றை ஒட்டியபடி சாலை போகும். போக்குவரத்து குறைவு. இரண்டு பக்கமும் நெல், கரும்பு, வேர்க்கடலை.

முதலில் திருவலம். சம்பந்தர் பாடிய வில்வநாதேசுவரர் கோயில் இங்கே. பொதுவாகச் சிவன் கோயிலில் நந்தி சாமியைப் பார்த்திருக்கும், இங்கே சாமிக்கு முதுகு காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் காஞ்சனகிரியிலிருந்து அசுரன் வராமல் காவல் காத்தது என்று கதை சொல்வார்கள். ஊரை ஒட்டிய ஆற்றில் பழைய இரும்புப் பாலம் ஒன்று உண்டு, படம் எடுக்காமல் யாரும் தாண்டுவதில்லை.

அடுத்தது மேல்பாடி. சோழ வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இங்கே அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சய சோழனின் நினைவாக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இது. அரிஞ்சிகை ஈசுவரம் என்று கல்வெட்டு சொல்லும். தஞ்சையில் அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டிய அரசன், தொண்டை நாட்டின் ஓரத்தில், ஆற்றங்கரையில், பாட்டனுக்காக இவ்வளவு சிறிதாகவும் அமைதியாகவும் ஒன்றைக் கட்டியிருக்கிறான். சுவர் முழுக்க எழுத்து. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் துலக்கமாகத் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் பிடிபடாது. அதற்காகவே சீக்கிரம் போக வேண்டும். பக்கத்திலேயே சோமநாதேசுவரர் கோயிலும் இருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வள்ளிமலை. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்பார்கள். அடிவாரத்தில் ஒரு கோயில், படியேறினால் மேலே பாறையைக் குடைந்த முருகன் கோயில். மலையின் இன்னொரு பக்கம் சமணர் குகை. கங்க மன்னன் ராசமல்லன் காலத்துக் கல்வெட்டும், தீர்த்தங்கரர், இயக்கியர் சிற்பங்களும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பாறையில் முருகனும் சமணமும். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூ போட்டுக்கொண்டு பாறையில் ஏறாதீர்கள், வழுக்கும். சைக்கிளைப் பூட்டி, பூக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெறுங்காலோடு ஏறுங்கள். போக வர 55 முதல் 60 கி.மீ. ஆகும்.

ஊருக்குப் பக்கத்திலேயே ஏற்றம் பழக இடம் உண்டா?

பாலமதி. ஓட்டேரி தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும், மேலே முருகன் கோயில் வரை தார்ச்சாலை. தூரம் குறைவுதான் என்றாலும் சில இடங்களில் சட்டென்று செங்குத்தாகும். வாரநாளில் வேலைக்குப் போகும் முன் ஏறி இறங்கிவிடலாம். ஏலகிரிக்கு ஆசைப்படுகிறவர்கள் பாலமதியை நிற்காமல் ஏறப் பழகிவிட்டால் போதும், ஏலகிரி தானாக வந்துவிடும். வளைவுகளில் சரளைக்கல் கிடக்கும், இறங்கும்போது கவனம். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும், அகழி சூழ்ந்த கோட்டையையும் தேடிப் பிடித்துவிடலாம்.

அமிர்திக்குச் சாலை எப்படி?

கணியம்பாடி வரை பெரிய சாலை, பஸ் லாரி இருக்கும். அங்கிருந்து ஜவ்வாது மலைப்பக்கம் திரும்பியதும் சத்தமெல்லாம் அடங்கிவிடும். மொத்தம் 25 கி.மீ. கடைசிப் பகுதி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது, கால்தான் சொல்லும். அங்கே வனத்துறையின் சிறு விலங்கியல் பூங்காவும், உள்ளே நடந்து போனால் அருவியும் உண்டு. மழை பெய்த மாதங்களில் போனால்தான் அருவியில் தண்ணீரைப் பார்க்கலாம்.

படவேடு?

போங்கள். திருவண்ணாமலைச் சாலையில் கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போக வேண்டும். சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் கூட்டம் அலைமோதும், அந்த மாதம் மட்டும் சைக்கிளில் வேண்டாம். மற்ற நாளில் வாழைத்தோட்டத்துக்கு நடுவே, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் ஓட்டுவது தனிச் சுகம். செண்பகத்தோப்பு அணை வரை போய்விட்டு வாருங்கள்.

ஏலகிரி ஏற முடியுமா? எப்படித் தயாராவது?

முடியும். பொன்னேரி அடிவாரத்திலிருந்து மேலே அத்தனாவூர் வரை சுமார் 13 கி.மீ., 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும்போது கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டரை ஒட்டி இருப்பீர்கள். சரிவு பெரும்பாலும் சீரானது, மூச்சை ஒரே தாளத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வளைவுகளுக்குப் பெயர் உண்டு. வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை, பாரதியார், பாரதிதாசன் என்று புலவர்கள் பாதி. பாரி, காரி, ஓரி, பேகன், ஆய், அதியமான், நள்ளி என்று கடையெழு வள்ளல்கள் மீதி. மூச்சிரைக்க ஏறும்போது அடுத்த பலகையில் யார் என்று பார்த்துக்கொண்டே போவது உண்மையிலேயே உதவுகிறது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணினால் மனசு சோர்ந்துவிடும், இன்னும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

முதல் மூன்று வளைவு வரை வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். பேச்சு வர வேண்டும், அந்த அளவு வேகம். வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. பின்னாலும் எதிரிலும் வண்டி இல்லாதபோது கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சுற்றினால் கால் பிழைக்கும். பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் வேண்டும். குரங்குகள் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைப் பின்பையில் துருத்திக்கொண்டிருக்கும்படி வைக்காதீர்கள்.

சனி, ஞாயிறு மதியம் கார்க் கூட்டம் அதிகம். வாரநாள் காலை என்றால் சாலை கிட்டத்தட்ட உங்களுக்கே.

இறங்கும்போது பயமாக இருக்கிறதே?

பயம் இருக்கட்டும், நல்லதுதான். கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது. மேலிருந்து கீழ் வரை பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவது இன்னொரு தப்பு. ரிம்மில் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கவும் கூடும். அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வாருங்கள். நடுவில் ஓரிடத்தில் நின்று, ரிம்முக்கு அரை அங்குலம் தள்ளிப் புறங்கையை வைத்துப் பாருங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிஷம் ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். புறப்படும் முன் பிரேக் கட்டையின் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஜவ்வாது மலைக்குள் போக ஆசை. எப்படி?

இது ஒரு நாளில் போய்த் திரும்பும் பயணமாக வேண்டாம். ஒரு இரவு தங்குங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர், அதற்கு அப்பால் ஜமுனாமரத்தூர். மறுநாள் போளூர்ப் பக்கம் இறங்கி வேலூருக்குத் திரும்பினால் மலையைச் சுற்றிய ஒரு வட்டம் முடியும். சந்தனமும் மூங்கிலும் உள்ள காடு. சாமை விளையும் மேட்டு நிலம். பலா, சீதாப்பழம், தேன். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். ஆட்களையோ வீடுகளையோ அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்ததைப் பல நாடுகளிலிருந்து பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்தது அந்த நிகழ்வில்தான். அதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்திய வானியலின் பெருமைகளில் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இரவில் பளீரென்ற விளக்கைப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். இருட்டுக்காகத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பீமன் அருவி பார்க்கலாம். மலைக்குள் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, பஞ்சர் கடையும் கிடையாது.

பேரணாம்பட்டு – வி.கோட்டா மலைச்சாலை நன்றாக இருக்குமாமே?

பத்தலப்பல்லி மலைச்சாலையைச் சொல்கிறீர்கள். வளைவுகள் அழகுதான். ஆனால் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய காடு, யானை நடமாட்டம் உண்டு. விடியற்காலையும் சாயங்காலமும் கட்டாயம் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், இரண்டு மூன்று பேராக, சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள். தனியாகப் போக ஆசைப்பட்டால் குடியாத்தம் மோர்தானா அணையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த மாதிரி சைக்கிள், எந்த கியர்?

பந்தயத்துக்கான மெல்லிய டயர் இந்தச் சாலைகளுக்குச் சரிப்படாது. 28 அல்லது 32 மி.மீ. டயர் போடுங்கள், காற்றையும் கல்லாக அடைக்காதீர்கள். முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 32 அல்லது 34 பல் இருந்தால் இங்கே உள்ள எந்த ஏற்றத்தையும் உட்கார்ந்தபடியே ஏறலாம். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் என்றால் விரிஞ்சிபுரம், வள்ளிமலை, அமிர்தி மூன்றும் தாராளமாகப் போகலாம்.

பஞ்சர் அதிகம் ஆகுமா?

ஆகும். காரணம் வேலிக்காத்தான் முள். சாலையோரம் வெட்டிப் போட்ட முள் மண்ணில் புதைந்து கிடக்கும், டயரில் ஏறினால் வெளியே தெரியாது. டியூப்பை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை ஒரு பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் முனை இருக்கிறது. நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வரும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போகும். இரண்டு டியூப், ஒட்டு, கைப்பம்பு கட்டாயம்.

அறுவடைக் காலத்தில் கேழ்வரகு, கொள்ளு, எள் எல்லாம் சாலையில் பரப்பியிருப்பார்களே, அதன்மேல் ஓட்டலாமா?

கார், பஸ் ஏறி மிதிக்கட்டும் என்றுதான் பரப்புகிறார்கள். ஆனால் சைக்கிள் டயருக்கு அது வழுக்குப் பாறை. பயிரின் தாள் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். களத்து வசதி இல்லாத சிறு விவசாயியின் ஒரு பருவத்து உழைப்பு அது, சிதறாமல் கடந்து போவது நம் பொறுப்பு.

தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டலாமா?

சென்னை – பெங்களூர் சாலையில் முடிந்தவரை வேண்டாம். எதிர்த்திசையில் வரும் பைக்குகள்தான் அங்கே பெரிய ஆபத்து. தவிர்க்க முடியாத இடத்தில் சர்வீஸ் ரோட்டில் போங்கள். ஆற்காட்டுக்குப் போகிறவர்கள் வழியில் ரத்தினகிரி முருகன் கோயிலில் ஒரு நிறுத்தம் போட்டு, அப்புறம் பாலாற்றங்கரையில் உள்ள டெல்லி கேட் வரை போகலாம். ராபர்ட் கிளைவ் 1751-இல் பிடித்து வைத்திருந்த ஆற்காட்டுக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது அந்த வாசல். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை ஆற்காட்டிலிருந்துதான் விரைந்து வந்தது. கிட்டத்தட்ட 25 கி.மீ. அந்தத் தூரம் எவ்வளவு குறைவு என்று சைக்கிளில் போனால்தான் உறைக்கும். சிப்பாய்களுக்கு இன்னும் சில மணி நேரம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் மனசை விட்டுப் போகாது.

சாப்பாடு, தண்ணீர்?

மணிக்கு ஒரு பாட்டில், அதாவது 600 மி.லி. போலக் குடியுங்கள். வெயில் ஏறிய பிறகு வெறும் தண்ணீர் போதாது, உப்புக் கரைசல் பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியெங்கும் மோர், கூழ், இளநீர் கிடைக்கும், கோடையில் நுங்கு. டீக்கடையில் இட்லி சாப்பிட்டு ஓட்டுவது உத்தமம். ஆம்பூர் பிரியாணி என்ன ஆனாலும் பயணம் முடிந்த பிறகுதான். சீரகச் சம்பா அரிசியில் செய்து கத்தரிக்காய் கொத்சுவோடு தருவார்கள், அதைச் சாப்பிட்டுவிட்டு ஏலகிரி ஏற எந்தக் காலாலும் ஆகாது. கத்தரிக்காய் என்றதும் ஒன்று: அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கம் ஓட்டினால் அரைக் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிள் உடையோடு கோயிலுக்குள் போகலாமா?

இறுக்கமான அரைக்கால் உடையோடு வேண்டாம். மெல்லிய ஒற்றை வேட்டி ஒன்றை மடித்துச் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் வைத்தால் இடமே அடைக்காது. பெண்கள் ஒரு துப்பட்டாவும் தளர்வான பேண்ட்டும் வைத்துக்கொள்ளலாம். மதியம் பன்னிரண்டுக்குள் நடை சாத்திவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

சென்னையிலிருந்து சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

ரயிலில் கொண்டுவரலாம். வேலூர்ப் பக்கத்துப் பாதைகளுக்குக் காட்பாடி, ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை. பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து லக்கேஜ் வேனில் ஏற்ற வேண்டும். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, பின்பக்கத்துக் கியர் மாற்றியைச் சுற்றி அட்டை கட்டிவிடுங்கள். ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலாவது போய்விட வேண்டும். நிலையத்தில் இறங்கியதும் அவசரப்பட்டு ஏறி உட்காராமல், பிரேக்கும் கியரும் சரியாக விழுகின்றனவா என்று தள்ளிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.